தைரியக்கொடி

பாறசாலையில் பச்சமருந்துக்கடை வைத்திருக்கும் ராபின்சன், நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். தலைச்சுமையாக வேர் விற்றுத் தொடங்கி, ரோட்டோரம் சொந்தக் கடையும் மாடிவீடும் எழுப்பினார். யாருடைய கையையும் பிடித்து ஏறியவரல்ல. கடைக்கு வருகிறவர்கள் இதைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். மருந்து பொதிந்து கிடைக்கும்வரை வேறு வழியில்லை.

பயம் போக்கும் தைரியக்கொடியை அவருக்குக் காட்டியது மலையில் வாழும் காணிக்காரப் பழங்குடிகள். பேர் வைத்தது மட்டும் அவர். ஆனால் பேச்சில் கொடியே அவருடையது.

நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு கல்லூரியில் மருந்து ஆராய்ச்சி செய்யும் லிஷா, அவருடைய சபைக்காரப் பெண். கொடியின் சாறு பயத்தைத் தணிக்குமா என்று எலிகளில் சோதிக்க வாங்கிப் போனாள். முடிவு தெரியும்வரை மனிதருக்குக் கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னாள்.

"எனக்க மருந்துக்கு எலியா மக்கா சாட்சி?" என்று சிரித்தார் ராபின்சன்.

சிரித்துவிட்டு வீட்டில் மனைவி சுகிர்தபாய்க்கு அதே கொடியில் கஷாயம் வைத்தார். வீட்டுக்குப் பின்னால் பாறை உடைத்த காலத்தில், வெடிச்சத்தம் கேட்டுக் கேட்டு அவளுக்குப் படபடப்பு பிடித்திருந்தது. வேலை நின்று, குழியில் தண்ணீர் நிறைந்த பிறகும் தேங்காய் விழுந்தால் நடுங்குவாள். பின்கதவைத் திறக்கவே மாட்டாள். கஷாயம் உள்ளே போனதும் தூக்கம் வந்தது. கொஞ்சம் கெட்டியாக வற்றவைத்தார், பின்கதவு திறந்தது. பெருமை தாங்காமல் இன்னும் வற்றவைத்தார்.

முடிவைப் பார்க்க லிஷா கூப்பிட்டபோது சலவை வேட்டி கட்டிக்கொண்டு போனார். உயரத்தில் சிலுவைபோல் ஒரு பலகை. இரண்டு கைகளுக்குச் சுவர் உண்டு, இரண்டுக்கு இல்லை. பயந்த எலி சுவரோரம் பதுங்கும் என்றாள். குறைந்த அளவு கொடுத்த எலி மெல்ல வெளியே வந்து, விளிம்பை மோந்து திரும்பியது. ராபின்சன் மீசையைத் தடவினார். அடுத்தது கூடுதல் அளவு கொடுத்த எலி. திறந்த பலகையில் நேராக நடந்தது. விளிம்பு வந்தது, நிற்கவில்லை. கீழே விரித்திருந்த மெத்தையில் பொத்தென்று விழுந்தது.

"பயம் போச்சு மாமா. அதுக்க கூட விளிம்பும் போச்சு," என்றாள் லிஷா. பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். "வீட்டுல ஆருக்கும் குடுக்கல்லியே?"

"நான் என்ன மடையனா?" என்றார்.

வீடு திரும்ப ஏறிய ஆட்டோக்காரரை வழிநெடுக விரட்டினார். கூப்பிட்டுக்கொண்டே வீட்டுக்குள் ஓடினார். அடுப்பில் கஷாயப் பாத்திரம் சூடாக இருந்தது, அவர் வைத்ததல்ல. அடியில் தார்போலக் கொஞ்சம் ஒட்டியிருந்தது. பின்கதவு விரியத் திறந்து கிடந்தது.

பாறைக்குழியின் விளிம்பில் சுகிர்தபாய் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டால் திடுக்கிட்டுத் திரும்புவாளோ என்று கூப்பிடாமல் போனார். குனிந்து, கையையும் ஊன்றித் தவழ்ந்தார்.

அவள் திடுக்கிடவில்லை. மெல்லத் திரும்பினாள்.

"நீரு என்ன நாலு காலுல வாறீரு? குழியைக் கண்டு பயமா, பேடியா?"

"ஆமா பிள்ளே. பேடியாக்கும். எனக்க கையைப் பிடிச்சு இஞ்ச வா."

பிடித்தாள். இத்தனை வருடத்தில் அந்தக் கை நடுங்காமல் இருந்தது அன்றுதான்.

"நீரு இஞ்ச வாரும்," என்று அவரை மெல்லத் தன் பக்கம் இழுத்தாள். "தண்ணி என்ன பச்சையா கெடக்கு பாரும்."