இரண்டு அடித்து ஒன்றை விழுங்கும் மணி

பேதுரு மாட்டுக் கொட்டிலின் நட்டநடுவில் மல்லாந்து படுத்திருக்கிறார். சால்வையைச் சுருட்டித் தலைக்கு வைத்தாயிற்று, கண்ணும் மூடியாயிற்று. கொட்டிலின் சொந்தக்காரர் வாசலில் நின்று ஒரு சுருட்டை முழுதாகப் பிடித்து முடிக்கிறார். அதன் பிறகுதான் பேதுரு எழும்பி, வெறும் முதுகைத் திருப்பிக் காட்டுகிறார்.

"எறும்பு கடிச்ச தடம் கிடக்கோ, பாருங்கோ."

"ரெண்டு கிடக்கு."

"அப்ப சரிவராது. என்ர தோலுக்கே ரெண்டெண்டால் குதிரையின்ர தோலுக்கு இருபது."

மன்னார்த் தீவில் குதிரைக்கு இருப்பிடம் பார்த்துக் கொடுக்கிற ஒரே மனிதர் இவர்தான். சீமை மகாராணி காலமான வருசத்திலிருந்து இதுதான் தொழில். சிலாவத்துறைப் பக்கம் முத்துக்குளிப்புக் கூடினால் துரைமாரும் வியாபாரிகளும் குதிரையோடு வந்து இறங்குவார்கள். மனிதருக்குக் கூடாரம் உண்டு, குதிரைக்குக் கிடையாது. "பேசாலைப் பேதுருவைக் கூப்பிடு" என்று ஆள் ஓடும். அவர் வந்து யார் வளவில் எத்தனை காலடி நிழல், எந்தக் கிணற்றில் என்ன தண்ணீர் என்று வாய்ப்பாடு போல ஒப்புவிப்பார்.

பேசாலையில் பிறந்தவர் கடலுக்குப் போகாமல் குதிரைக்குப் பின்னால் போனது எப்படி என்று கேட்டால் ஊரே சிரிக்கும். பேதுருவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. வள்ளத்தில் கால் வைத்ததும் குடல் வாய்க்கு வந்துவிடும். அவர் போட்ட சத்தத்துக்கு ஒருமுறை பாரை மீன் கூட்டம் ஒன்று திசைமாறி இராமேசுவரத்துக்கே போய்விட்டதாகவும், அங்குள்ளவர்கள் இன்றைக்கும் அவரை நன்றியோடு நினைப்பதாகவும் சொல்கிறார்கள். அன்றைக்கே வள்ளத்தின் சொந்தக்காரரான சம்மாட்டியார் அந்தோனிமுத்து கையெடுத்துக் கும்பிட்டாராம்: "பேதுரு, நீ கரையிலையே இரப்பா. மீனும் பிழைக்கும், நாங்களும் பிழைப்பம்."

நிலத்தை முதுகால் பார்ப்பது போல, தண்ணீரை நாக்கால் பார்ப்பார். ஒரு வாய் எடுத்துக் கன்னத்தில் உருட்டி வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "இது முகம் கழுவுற தண்ணி" என்றால் கிணற்றின் சொந்தக்காரருக்குக் கோபம் வரும். "இது குடிக்கிற தண்ணி" என்றால் ஒரு மாதத்துக்கு அந்த வீட்டார் தலை நிமிர்ந்து நடப்பார்கள். வெள்ளாங்குளத்துக் கமக்காரர் சரவணமுத்து ஒருநாள் மடக்கப் பார்த்தார்.

"அதுசரி பேதுரு, குதிரை நிண்டுகொண்டெல்லோ நித்திரை கொள்ளும்? நீ என்னத்துக்குப் படுத்துப் பாக்கிறாய்?"

"குதிரை நிக்கிறது நிலத்திலைதானே ஐயா? நிலத்தோடை கதைக்க வேணுமெண்டால் கிட்டப் போகத்தான் வேணும்."

இவ்வளவு பார்க்கிற மனிதர் போன வாடைக்காலத்தில் ஒன்றைப் பார்க்க மறந்தார்.

கோட்டையடியில் இருந்த பறங்கி டொக்டர் இறந்துபோய், அவருடைய மனைவி எலீசா நோனா ஐந்து குதிரைகளோடு தனித்துப்போனார். மனிதர் உயிரோடு இருந்தவரை எந்தக் குதிரையையும் கிழடு என்று சொல்லிக் கழிக்கவில்லை, அதனால்தான் ஐந்து. வீடோ கவுண்மேந்து வீடு, புது டொக்டர் வந்துவிடுவார். நோனா மகளின் பிள்ளைப்பேற்றுக்குக் கொழும்புக்குப் போகவேண்டும். கப்பல் வியாழக்கிழமை பின்னேரம்.

"அஞ்சையும் பிரிக்காமல் வைக்கிற இடம் பார் பேதுரு" என்றார் நோனா. "மற்றதுகள் எப்பிடியும் சமாளிக்கும். சார்ஜன்தான் பாவம்."

சார்ஜன் என்பது கிழட்டுக் குதிரை. இரண்டு கண்ணும் பூப்பூத்துப் பார்வை போய் நாலு வருசம். டொலி என்கிற பெட்டைக் குதிரையின் கழுத்தில் ஒரு வெண்கல மணி. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே சார்ஜன் நடக்கும், தண்ணீர் குடிக்கும், புல்லில் வாய் வைக்கும். மணி கேட்காத இடத்தில் தலையைத் தொங்கப் போட்டபடி நிற்கும், ஒரு துரும்பும் தின்னாது.

பேதுரு தீவு முழுக்கப் படுத்துப் பார்த்தார். கடைசியில் எருக்கலம்பிட்டியில் நசீறாவின் வளவு அகப்பட்டது. காலமான புருசன் சரக்கு அடுக்கிய நீளக் கொட்டில், எறும்பு இல்லை, கிணறு கற்கண்டு. நசீறா பேதுருவுக்கு மூத்தவர், ஊருக்கெல்லாம் ராத்தா. ஞாயிறு பின்னேரம் ஐந்து குதிரைகளும் மணிச் சத்தத்தின் பின்னால் வரிசையாகப் போய்ச் சேர்ந்தன. பேதுரு அன்றைக்குத்தான் காலை நீட்டி நிம்மதியாகப் படுத்தார், அதுவும் சொந்தப் பாயில்.

திங்கள் விடிய எருக்கலம்பிட்டியிலிருந்து ஆள் வந்தது. பேதுரு ஓடிப்போய்ப் பார்த்தார். வளவைச் சுற்றி வேலி இல்லை. நேற்று வரை நின்றது புதிதாக அடைத்த பனையோலை வேலி. குதிரைகள் அதைத் தங்களுக்கு வைத்த சாப்பாடு என்று நினைத்து, நாலு பக்கமும் வஞ்சகம் இல்லாமல் தின்று தீர்த்திருந்தன. கதியால் தடிகள் மட்டும் பல்லுக்குச்சி போல நின்றன. கிணற்றடியும் அடுப்படியும் தெருவுக்குத் தெரிந்தன. வீட்டுப் பெண்கள் ஒருவரும் வெளியே கால் வைக்க வழியில்லை. இருந்த சீலை, போர்வை, மருமகள் றம்லாவின் கலியாணப் பட்டு எல்லாம் கதியாலில் ஏறி வேலியாகியிருந்தன. பட்டுக்குப் பின்னாலிருந்து நசீறாவின் குரல் வந்தது.

"தம்பி பேதுரு! தண்ணியக் குடிச்சுப் பாத்தீங்க, தரையில உருண்டு பாத்தீங்க. வேலியையும் ஒரு வாய் கடிச்சுப் பாத்திருக்கலாமே!"

"ராத்தா, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நானே இருந்து ஓலை பின்னி அடைச்சுத் தாறன்."

"அடைக்கத்தான் வேணும். இல்லாட்டி நீங்களே வந்து மறைப்புக்கு நில்லுங்க. ஆனா பாவம், அந்தக் குருட்டுக் குதிரையை ஏசாதீங்க. அது மத்தது தின்ன மிச்சத்தத்தான் தின்னிச்சு."

கதை மத்தியானத்துக்குள் தீவைச் சுற்றி வந்துவிட்டது. தீவில் ஓலை வேலி இல்லாத வீடு ஏது? பேதுருவின் தலை தெரிந்ததும் படலையைச் சாத்தினார்கள். முள்வேலி இருப்பது கடலுக்கு அந்தப் பக்கம், பெருநிலத்தில். சரவணமுத்து இரண்டு குதிரைகளை ஏற்றார். முசலியில் றஊப் நானா, டொலியையும் இன்னொன்றையும் ஏற்றார். அங்கே போக ஆழமில்லாத கடலுக்குள் இறங்கி நடக்கவேண்டும். சார்ஜனைக் கொண்டுபோய் நிறுத்திப் பார்த்தார்கள். காலில் தண்ணீர் பட்டதும் அதன் உடம்பெல்லாம் நடுங்கியது. டொலியின் மணி முன்னால் அடித்தும் இறங்கவில்லை. பேதுருவுக்கு அந்த நடுக்கம் நன்றாகத் தெரிந்த நடுக்கம். கயிற்றைத் தளர்த்திவிட்டார்.

எலீசா நோனாவிடம் போய்ச் சொன்னார்கள். நோனா சொன்னார்: "தனிய நிண்டு பட்டினியிலை சாக நான் விடமாட்டன். வியாழன் காலமை சுடுறதுக்குத் துவக்குக்காரரோடை வாறன். தின்னுதெண்டால் இருக்கட்டும். இல்லையெண்டால் என்ர கண்ணுக்கு முன்னாலை போகட்டும்."

பேதுருவின் சொந்த வளவோ ஒரு குதிரை நின்றால் அதன் வால் அடுத்த வீட்டில் கிடக்கிற அளவு. இரண்டாவது குதிரைக்குக் கனவிலும் இடமில்லை. ஆகவே செவ்வாய் காலை டொலியை முன்னால் நடத்திச் சார்ஜனைப் பேசாலைக்குக் கொண்டுவந்து, படலையடியில் மணியை அவிழ்த்து எடுத்துக்கொண்டு, டொலியை முசலிக்கு அனுப்பிவைத்தார்.

மனைவி மார்த்தா இடுப்பில் கைவைத்து நின்றார்.

"இஞ்சேருங்கோ, ஊரிலை உள்ள குதிரைக்கெல்லாம் வீடு பாத்தியள். எங்கட கூரை மூண்டு வருசமா ஒழுகுது. அதையும் ஒருக்கால் மல்லாந்து படுத்துப் பாருங்கோவன்."

"ரெண்டு நாள், மார்த்தா. ரெண்டே நாள்."

"வேலியைத் திண்டுதெண்டால் உங்களைத்தான் கட்டிவைப்பன்."

ஆனால் சார்ஜன் வேலியையும் தின்னவில்லை. புல், தவிடு, ஊறவைத்த கொள்ளு, எதையும் முகரக்கூட இல்லை. பேதுரு மணியைக் கையில் பிடித்து ஆட்டினார். காது நிமிர்ந்தது, பிறகு சரிந்தது. இடுப்பில் கட்டிக்கொண்டு வளவைச் சுற்றி நடந்தார். குதிரை மற்றப் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டது. புதன் மத்தியானம் வரை நடந்தார். கால் தளர்ந்து மணலில் இருந்தபோது அவருடைய முகத்தைப் பார்க்க மார்த்தாவுக்குப் பொறுக்கவில்லை.

"நீங்கள் பிழையா நடக்கிறியள்" என்றார், கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த கையை நிறுத்தாமல்.

"நடக்கிறதிலை என்னடியப்பா பிழை?"

"நேற்று அந்தப் பெட்டை வரேக்கை நான் அடுப்படியிலை இருந்து கேட்டனான். அவவுக்குப் பின்னங்காலிலை ஒரு நொண்டல். அந்த மணி ரெண்டு அடிச்சு ஒண்டை விழுங்கும். நீங்கள் பொலிசுக்காரன் மாதிரிச் சரியா நடந்தால் அது என்னெண்டு நம்பும்?"

பேதுரு எழும்பினார். இரண்டு அடி வைத்து, மூன்றாவதை மணலில் இழுத்தார். டிங், டிங், ஒன்றுமில்லை. டிங், டிங், ஒன்றுமில்லை. முதல் சுற்றில் சார்ஜனின் காது நிமிர்ந்தது. இரண்டாம் சுற்றில் கழுத்து நீண்டது. மூன்றாம் சுற்றில் பேதுருவின் தோளில் ஈரமான மூச்சு ஒன்று பட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை; திரும்பினால் நடை கெட்டுவிடும் என்று பயம். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமலே நொண்டினார். மார்த்தா வலையைப் போட்டுவிட்டுப் போய், தன் வேலியிலிருந்து ஒரு நல்ல ஓலையாகப் பார்த்து உருவி, குதிரையின் வாயருகே நீட்டினார். நறுக்கென்று ஒரு சத்தம். வேலி போகிற சத்தத்தைக் கேட்டு மார்த்தா சந்தோசப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.

வியாழன் காலை எலீசா நோனாவின் மாட்டு வண்டில் வந்து நின்றது. பின்னால் துவக்குக்காரர். படலைக்கு மேலால் நோனா கண்டது இதுதான்: பேசாலைப் பேதுரு இடுப்பில் மணியோடு நொண்டிக்கொண்டு வளவைச் சுற்றுகிறார், அவருடைய தோளில் தாடையைச் சாய்த்தபடி சார்ஜன் பின்னால் வருகிறது, அதன் வாயில் மார்த்தாவின் வேலி.

"எப்ப இருந்து காலிலை வருத்தம், பேதுரு?" என்றார் நோனா.

"நேற்றிலை இருந்து, நோனா. நீங்கள் திரும்பி வரச் சுகமாகும்."

நோனா துவக்குக்காரரைத் திரும்பிப் பார்த்து, "அண்ணை, நீங்கள் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றார். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வண்டிலில் ஏறினார். கப்பலுக்கு இன்னும் நேரம் கிடந்தது, இருந்தாலும் ஏறிவிட்டார்.

சித்திரையில் வருகிறேன் என்ற நோனாவிடமிருந்து, மகளுக்கு இரட்டைப் பிள்ளைகள் என்று கடிதம் வந்தது, இன்னும் ஆள் வரவில்லை. நசீறாவின் வேலியைப் பேதுரு முன்னையதிலும் ஒரு முழம் உயர்த்தி அடைத்துக் கொடுத்துவிட்டார். தன் வளவின் வேலிக்கு வெளியேயும் உள்ளேயும் பழைய வலையைத் தொங்கவிட்டிருக்கிறார்; அதையும் மீறி மாதத்துக்கு ஒரு பக்கம் போகிறது. இப்போதெல்லாம் குதிரைக்கு இடம் பார்க்கப் போனால் கடைசியில் வேலியிலிருந்து ஒரு கீற்றுக் கிள்ளி மென்று பார்க்கிறார். இரண்டு காலும் கல்லுப் போல இருக்க, தெருவில் நொண்டித்தான் நடக்கிறார். மணி இல்லாதபோதும் நொண்டுகிறார். பழகிவிட்டதாம். புதிதாக வந்த பரியாரி ஒருவர் கூப்பிட்டு நிறுத்தி எண்ணெய் தேய்த்தும் விட்டார். பேதுரு மறுப்புச் சொல்லாமல் காலை நீட்டிக்கொண்டு இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் சார்ஜன் கூடவே வரும். கோயில் வாசலில் வேப்பமரத்தில் கட்டிவிட்டு உள்ளே போவார். "கோயிலுக்குள்ளையும் மணியோ?" என்று மார்த்தா முறைப்பார். அதனால் மணியை இடுப்பிலிருந்து அவிழ்த்து, அதன் நாக்கை விரல்களுக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கடைசி வரிசையில் முழங்காலில் இருப்பார்.

போன ஞாயிறு பிரசங்கம் நீண்டது. சுவாமியார் நரகத்தின் நெருப்பைப் பற்றி விரிவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே குளம்பு ஒன்று மணலைக் கீறியது. சற்றுப் பொறுத்து இன்னொரு முறை கீறியது. பேதுரு சுவாமியாரைப் பார்த்தார், மார்த்தாவைப் பார்த்தார். மார்த்தா நேரே பீடத்தைப் பார்த்தபடி முழங்கையால் அவரை இடித்தார்.

பேதுரு விரல்களைத் தளர்த்தினார். மணி இரண்டு முறை அடித்தது. மூன்றாவதை உள்ளங்கையில் பொத்திக்கொண்டார்.