வருஷத்துக்குக் கீழே ஒரு புள்ளி

சில்லறைக்காரர் என்றால் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான். வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். வேலை முடிந்தாலும் எண்களை உற்றுப் பார்க்கிற புத்தி போகவில்லை. மீட்டருக்குப் பதில் இப்போது நாணயம், அவ்வளவுதான்.

இந்தத் தொழிலுக்கு அவருக்கு இரண்டு வங்கிகள் வேண்டும். பேருந்து நிலையத்தை ஒட்டிய வங்கியில் ஒரு மூட்டை சில்லறை வாங்குவார். வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் கொட்டி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டுவார். வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் தபால் ஆபீஸ் பக்கத்து வங்கியில் கட்டிவிடுவார். வாங்கின இடத்திலேயே கட்டினால் பார்த்த காசே திரும்பப் பார்க்க வரும் என்பது அவர் கண்ட சாஸ்திரம்.

வாங்குகிற இடத்தில் மாப்பிள்ளை மரியாதை. இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்த மூட்டை தொலைகிறதே என்று அங்கே காசாளருக்கு வாயெல்லாம் பல். கட்டுகிற இடத்தில்தான் கதை வேறு. இவர் துணிப்பையோடு நுழைந்ததுமே அங்கிருக்கும் அம்மாள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். மனசுக்குள் அவருக்குச் 'சிடுமூஞ்சி' என்று பெயர் வைத்திருந்தார்.

"இவ்வளவு சில்லறை எங்கேருந்து சார் வருது?"

"பேரன் உண்டியல்ல சேர்த்தது."

"போன வாரமும் பேரன்தானே?"

"அது பெரிய பேரன்."

மகளுக்கே இன்னும் கல்யாணம் ஆகவில்லை. இப்படிக் கரடி விட்டு விட்டு, பேரன்கள் ஒரு பள்ளிக்கூடம் அளவுக்குப் பெருகிய பிறகு, வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னார். குறிப்பிட்ட ஒரு வருஷத்துக் காசு. வருஷத்துக்குக் கீழே அச்சடித்த ஆலையின் அடையாளமாக ஊசிமுனை அளவு ஒரு புள்ளி இருக்க வேண்டும். அவர் நாணயம் சேர்க்கிற ஆல்பத்தில் அந்த ஒரு குழி மட்டும் பல காலமாகக் காலி. அம்மாள் கண்ணைச் சுருக்கி, "எந்த வருஷம்னு சொன்னீங்க?" என்று கேட்டுக்கொண்டார். கேலி செய்கிறார் என்று இவருக்குக் கோபம்.

வீட்டில் வேறு ஒரு ரகளை நடந்துகொண்டிருந்தது. கண்ணில் புரை, ஆபரேஷன் செய்துவிடலாம், தள்ளிப்போட்டால் சிக்கல் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கண்ணுக்குள் கத்தி என்று நினைத்தாலே இவருக்குப் பயம். அதை வெளியே சொல்ல முடியுமா?

"முப்பது வருஷம் மீட்டர் பார்த்த கண்ணு இது. ஒரே ஒரு புள்ளி எனக்குத் தப்பட்டும், அன்னிக்கே நானே ஆஸ்பத்திரிக்குப் போறேன்" என்று மனைவியிடம் வீறாப்பாகச் சொன்னார்.

"கப்புக்கு வெளியில டீ ஊத்திட்டுப் பேச்சைப் பாரு" என்று அவள் மேசையைத் துடைத்தாள்.

அடுத்த வாரம் வழக்கம்போல் மூட்டையைக் கட்டப் போனார். அம்மாள் ரசீதை நீட்டினார். அதன்மேல் ஒரு காசு இருந்தது.

"நீங்க தேடினது இதுதானா பாருங்க."

கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். அதே வருஷம். கீழே புள்ளி.

"எங்கே கிடைச்சுது?"

"போன வாரம் நீங்க கட்டின மூட்டையிலதான். மிஷின் ரிப்பேர், கையால எண்ணினேன். என் காசு ஒண்ணைப் போட்டுக் கணக்கைச் சரி பண்ணிட்டேன். நீங்க எனக்கு ஒரு காசு தரணும்."

சட்டைப் பையைத் தடவினார். மூட்டை மூட்டையாகக் காசு சுமக்கிற மனிதரிடம் அன்று ஒரு காசு இல்லை. அசடு வழிய, அடுத்த வாரம் தருவதாகச் சொல்லிவிட்டு வந்தார்.

வீட்டில் காசைக் குழியில் வைத்துவிட்டு மூச்சு விடவில்லை. ஆனால் ஆல்பம் மேசைமேலேயே இருந்தது. மனைவி பார்த்துவிட்டாள்.

"ஏங்க, கிடைச்சிடுச்சா! சொல்லவே இல்லையே!" அவள் முகம் அப்படி மலர்ந்து அவர் பார்த்து வெகு நாளாயிற்று. "நான்தான் உங்களை அனாவசியமா அரிச்சுட்டேன். இந்தக் கண்ணுக்குப் போய் ஆபரேஷனாம். இனி அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

தேடின காசும் கிடைத்தது, கத்தியும் விலகியது. வேறென்ன வேண்டும்? ஆனால் அவர் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். தன் கையாலேயே புரட்டிப் பார்த்து, இல்லை என்று தள்ளிய காசு அது. இதற்கு முன் எத்தனையைத் தள்ளினாரோ. வெட்கமாக இருந்தது. அவள் சந்தோஷத்தைப் பார்க்கப் பார்க்க இன்னும் வெட்கமாக இருந்தது.

"நான் எடுக்கல" என்றார்.

"என்னது?"

"நான் கோட்டை விட்டது. பேங்க் அம்மாதான் எடுத்துக் குடுத்தாங்க." தட்டைத் தள்ளி வைத்தார். "எனக்குப் பயமா இருக்கு."

"தெரியும். மீட்டர் கதையெல்லாம் நான் நம்பினேன்னா நினைச்சீங்க? நான் கூடவே உட்கார்ந்திருப்பேன், வாங்க" என்றாள் அவள்.

ஆபரேஷன் முடிந்து, வெளியே போகலாம் என்று டாக்டர் சொன்னதும், ஒரே ஒரு காசை எடுத்துக்கொண்டு தபால் ஆபீஸ் பக்கத்து வங்கிக்குப் போனார். வரிசையில் நின்றபடி அந்த அம்மாளை முதல்முறையாகத் தெளிவாகப் பார்த்தார். தடித்த மூக்குக் கண்ணாடி. வருகிறவர் போகிறவர் எல்லாரையும் கண்ணைச் சுருக்கித்தான் பார்க்கிறார், கிட்டே வந்ததும் சிரிக்கிறார். எள்ளும் கொள்ளும் வெடித்ததெல்லாம் இவர் கண்ணில்தான்.

முறை வந்ததும் காசை நீட்டினார். அம்மாள் அதை இழுப்பறையில் போடாமல், கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோய் வருஷத்துக்குக் கீழே பார்த்தார்.

"அதுல இல்லம்மா. நான் பார்த்துட்டேன்."

"நீங்க பார்த்ததுதானே சார்" என்று அம்மாள் இன்னொரு தடவை பார்த்தார்.