பக்கத்து சீட் மாஸ்டர்

அந்த ஊரில் ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்தவர்களில் பாதிப் பேருக்குக் கற்றுக்கொடுத்தவர் மாஸ்டர். அவர் சாலையோரம் நடந்து போனால் எதிரே வருகிற கார்கள் காரணமே இல்லாமல் வேகம் குறையும். பல் டாக்டர் ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டு வருவார். மாஸ்டரைக் கண்டதும் இன்னொரு கையும் தானாக ஸ்டியரிங்குக்கு ஏறிவிடும். ஒரு வக்கீலம்மா, திரும்பவே வேண்டாத இடத்தில் அவருக்காக இண்டிகேட்டரைப் போட்டுக் காட்டிவிட்டு நேராகப் போய்விடுவார். இவ்வளவு மரியாதை உள்ள மனிதருக்குச் சில மாதங்களாக வேலை இல்லை.

டிரைவிங் ஸ்கூல் முதலாளி, வெளியூரில் இருக்கும் மகளோடு போய் இருந்துவிட முடிவு செய்தார். கார்களை விற்றார், போர்டைக் கழற்றினார், மாஸ்டருக்கு ஒரு கைக்கடிகாரம் பரிசளித்தார், கிளம்பிவிட்டார். மாஸ்டருக்குக் கடிகாரம் கிடைத்தது. அதில் நேரம் பார்த்துப் போகவேண்டிய இடம்தான் போய்விட்டது.

ஆனாலும் தினமும் காலையில் குளித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு, பால்கனியில் வந்து நிற்பார். கீழே தெருமுனையில் சிக்னல். வண்டிகள் போவதைப் பார்த்து, "கோட்டைத் தாண்டிட்டான்... ம், ஹாரன் மட்டும் அடி" என்று முணுமுணுப்பார். கீழே போகிறவர்கள் பாவம், தங்களுக்கு இலவசமாக வகுப்பு நடப்பது தெரியாமலேயே போய்க்கொண்டிருந்தார்கள்.

யோசனை சொல்லத்தான் ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லையே. முடி வெட்டுகிறவர், செக்யூரிட்டி வேலைக்குப் போங்கள் என்றார். அக்கா போன் போட்டு, ஏதாவது ஏஜென்சி எடுடா என்றாள். எதன் ஏஜென்சி என்பதை அவரே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டுமாம். மச்சினன் ஒரு படி மேலே போய், "மாமா, உங்க குரலுக்கு நீங்க ஏலம் விடற எடத்துல இருக்கணும்" என்றான். சுற்றி வளைத்து எல்லோரும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வருவார்கள்: "உங்களுக்கென்ன மாஸ்டர்! டிரைவர் வேலைக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, கொத்திக்கிட்டுப் போயிடுவாங்க."

"பாத்துட்டிருக்கேன்" என்பார் மாஸ்டர். எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நல்லவேளை யாரும் கேட்கவில்லை.

வேலை இல்லாததைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். எந்த வேலையைத் தேடுவது என்பதே தெரியாததுதான் அவரைத் தின்றது. இளைஞனாக ஏறி உட்கார்ந்த பக்கத்து சீட்டிலிருந்து தலை நரைத்த பிறகுதான் இறங்கியிருக்கிறார். இறங்கிப் பார்த்தால், தனக்கென்று ஒரு திசையே இல்லை. டிரைவர் வேலையா? அங்கேதான் சிக்கல். மாஸ்டருக்குக் கார் ஓட்டப் பயம்.

சிரிக்காதீர்கள். ஸ்கூல் காரைக் காலையில் கொண்டுவருவதும் சாயங்காலம் கொண்டுபோவதும் முதலாளி. நடுவில் ஓட்டுவது மாணவர்கள். மாஸ்டரின் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருந்தது, அது போதுமாக இருந்தது. இத்தனை வருஷமும், அடுத்து என்ன கெடுதல் நடக்கப்போகிறது என்று பார்ப்பதற்கே சம்பளம் வாங்கியவர் அவர். அந்தக் கண்ணோடு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தால், எந்த மனிதனுக்கும் கை வராது. ஸ்கூல் மூடிய அன்று, விற்ற காரைக் கொண்டுபோய் ஒப்படைக்கும்படி முதலாளி சொன்னபோதுதான் இது அவருக்கே தெரிந்தது. வயிற்று வலி என்று சொல்லி வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுத்தவருக்கு ஓட்ட வராது என்று வெளியே தெரிந்தால்?

அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. அங்கே மருந்து சப்ளை செய்கிற கம்பெனிக்கு வேன் டிரைவர் தேவை என்று கேள்விப்பட்டு, அவளே பேசி வைத்துவிட்டாள்.

"வியாழக்கிழமை போய் மேனேஜரைப் பாருங்க. சும்மா ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டணுமாம். உங்களுக்கு அது ஒரு விஷயமா?"

"அதெல்லாம் ஒரு விஷயமா" என்று மாஸ்டர் மென்று விழுங்கினார்.

மேனேஜர் சின்ன வயசு, டை கட்டியிருந்தார், வெளியூரிலிருந்து வந்தவர். மாஸ்டரின் பெருமை எதுவும் தெரியாது. வேன் சாவியைக் கையில் கொடுத்து, "போலாமா சார்?" என்றார். மாஸ்டருக்குக் காது அடைத்துவிட்டது. கால்கள் மட்டும் தங்களுக்குப் பழகிய வழியில் நடந்தன. வேனைச் சுற்றி வந்து, பக்கத்து சீட் கதவைத் திறந்து, ஏறி உட்கார்ந்து, பெல்ட்டையும் மாட்டிக்கொண்டார்.

மேனேஜர் வெளியே நின்று திருதிருவென விழித்தார். மாஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்காமல் சாவியை நீட்டினார். "என்ன பாத்துட்டு நிக்கறீங்க? வந்து உக்காருங்க. சீட்டை முன்னாடி இழுத்துக்கங்க."

அந்தக் குரலுக்கு அடங்காதவர் யாரும் இல்லை. மேனேஜர் உட்கார்ந்தார். சீட்டை இழுத்துக்கொண்டார். வேன் கிளம்பியது.

"மூணாவது கியர் எதுக்கு வச்சிருக்காங்க, அழகுக்கா? போடுங்க... கண்ணாடி பாருங்க... எதிர்ல ஆட்டோ வருது, அது உங்களைப் பாக்காது, நீங்கதான் அதைப் பாக்கணும்." மாஸ்டரின் கால் ஏழெட்டு முறை வெறும் தரையை மிதித்தது. முகத்தில் பல மாதங்களாகக் காணாத தெளிவு. ஒரு முழுச் சுற்று முடிந்து, வேன் கம்பெனி வாசலில் வந்து நின்றது. மேனேஜர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "சார், நான் பாஸா?" என்றார்.

கேட்ட பிறகுதான் இருவருக்கும் உறைத்தது.

மாஸ்டர் வீட்டுக்கு வந்தபோது, மனைவி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். "என்னங்க ஆச்சு?"

"மேனேஜர் நல்லா ஓட்டறார்" என்றார் மாஸ்டர்.

நடந்ததைப் பிடுங்கிப் பிடுங்கித் தெரிந்துகொண்டவள் சோபாவில் விழுந்து சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மாஸ்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சிரிக்காத! எனக்கு ஓட்டப் பயம். போதுமா? பக்கத்துல உக்காந்து அடுத்தவங்களைத் திட்டறதைத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியாது. அந்த வேலையை எங்க போய்க் கேக்கறது? நான் எதுக்கு லாயக்குன்னே எனக்குப் புரியலை."

மனைவி சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"பயம்னு எனக்கு அன்னிக்கே தெரியும். வயித்து வலின்னு படுத்த ஆளு, மூணு வாட்டி போட்டுச் சாப்பிட்டீங்களே."

"அப்பறம் எதுக்கு அந்த வேலைக்குச் சொல்லி வச்ச?"

"போறதுக்கு முன்னாடி என்கிட்ட சொல்லிடுவீங்கன்னு பாத்தேன். நீங்க என்னடான்னா போயே போயிட்டீங்க. சரி, மேனேஜர் கடைசியா என்ன சொன்னார்?"

"அடுத்த வாரம் வாங்க, இந்தத் தடவை நீங்க ஓட்டுங்கன்னார். நான் போகமாட்டேன்."

அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, இரவு டியூட்டி முடிந்து வரும்போதே தம்பியின் காரோடு வந்தாள். அவனே ஓட்டிவந்து சாவியைக் கொடுத்துவிட்டு நடந்து போனான். எதற்கு என்று கேட்கவில்லை. அக்காவிடம் அப்படிக் கேட்கிற துணிச்சல் அவனுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

"உக்காருங்க" என்று ஓட்டுகிற பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு, அவள் சுற்றி வந்து பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டாள். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அந்த ஊரில் மாஸ்டர் கற்றுக்கொடுக்காமல் தட்டிக்கழித்த ஒரே ஆள் அவள்தான்.

மாஸ்டர் சீட்டைச் சரிசெய்தார். கண்ணாடியைத் திருப்பினார். மறுபடியும் திருப்பினார்.

"தலை வாரப் போறீங்களா? போதும், கிளப்புங்க."

கிளப்பினார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது.

"கிளட்ச்சை மெதுவா விடு, மெதுவா விடுன்னு தூக்கத்துலகூடக் கத்துவீங்க. இப்ப விடுங்க பாப்போம்."

விட்டார். கார் நகர்ந்தது. தெருவைத் தாண்டிப் பெரிய சாலைக்கு வந்ததும் மாஸ்டரின் உள்ளங்கை வேர்த்தது. "நாய் நிக்குது. அந்த லாரிக்காரன் கதவைத் திறப்பான் பாரு. சைக்கிள்காரர் சட்டுனு திரும்புவார்..." கெடுதல்கள் வரிசை கட்டி வந்தன.

"மூச்சை நல்லா இழுங்க" என்றாள் மனைவி, எக்ஸ்ரே அறைக் குரலில். "அப்படியே பிடிங்க. ம்... விடலாம்."

அவரும் நோயாளி மாதிரி இழுத்தார், பிடித்தார், விட்டார். நாய் நின்ற இடத்திலேயே நின்றது. லாரிக்காரர் கதவைத் திறக்கவில்லை. சைக்கிள்காரர் தன் பாட்டுக்கு நேராகப் போனார். பாலத்தில் ஏறும்போது மாஸ்டர் தன்னையறியாமல் அடுத்த கியரைப் போட்டார்.

"முன்னாடி போற பஸ் நிக்குமா, போகுமா? உனக்கு என்ன தோணுது?"

பாலத்தைத் தாண்டி, சிக்னலில் நின்றபோது திரும்பிப் பார்த்தார். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். தலை ஜன்னல் பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, நல்ல தூக்கம்.

மாஸ்டருக்கு முதலில் வந்தது கோபம்தான். பக்கத்து சீட்டில் உட்கார்கிறவர் தூங்கலாமா? அந்த சீட்டில் அவர் ஒருநாள் கண்ணசந்ததுண்டா? எத்தனை ஆயிரம் பேரோடு உட்கார்ந்திருக்கிறார். ஒருவரையாவது நம்பி ஒரு நிமிஷம் சாய்ந்ததில்லை. இவள், பயந்தாங்கொள்ளி என்று தெரிந்த ஒருத்தன் கையில் காரையும் கொடுத்து, உயிரையும் கொடுத்து, தூங்குகிறாள். எழுப்பக் கையை நீட்டினார். நீட்டிய கை, அவள் தோளிலிருந்து நழுவிய துப்பட்டாவை இழுத்துவிட்டுத் திரும்பி வந்தது. கண் கலங்கிப் போயிற்று. பின்னால் நின்றவர் ஹாரன் அடித்த பிறகுதான் பச்சை விழுந்தது தெரிந்தது.

வந்த வழியே திரும்பினார். குலுங்காமல், ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும் பார்த்துப் பார்த்து ஏற்றி இறக்கினார். வீட்டு வாசல் வந்தது. நிறுத்தினால் அவள் எழுந்துவிடுவாள். மாஸ்டர் நிறுத்தவில்லை.