மேசைக்கடியில் நீட்டிய கை

1. எந்தக் கதவு?

நீதிபதியாகக் கண்டியில் பொறுப்பேற்ற முதல் நாள், பழைய ஞாபகத்தில் சட்டத்தரணிகளின் கதவாலேயே உள்ளே போய்விட்டேன். கறுப்புக் கோட் போட்ட இருபது பேர் சடாரென்று எழுந்தார்கள். யாரோ பெரிய ஆள் வருகிறார் போலிருக்கிறது என்று நானும் திரும்பிப் பார்த்தேன்.

நீதிமன்றப் பியோன் ஓடி வந்து காதோடு சொன்னார்: "சேர், ஒங்க கதவு பின்னுக்கு இருக்குங்க."

எல்லாரும் தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கினார்கள். அடக்காமல் சிரித்தவன் ஒருவன்தான், அவன் ஹமீது. அலவத்துகொடக்காரன். இருபது வருடங்கள் ஒரே அறை, ஒரே அலுமாரி, ஒரே மின்விசிறி என்று என்னோடு தொழில் பார்த்தவன். இனி அவன் எனக்குக் குனிந்து வணக்கம் போட வேண்டும். எனக்குக் கூச்சமாக இருந்தது.

2. துண்டு

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவன் எழுந்து வாதாடும்போது மற்றவன் பக்கத்துக் கதிரையில் இருப்பான். பேசுகிறவன் எதையாவது மறந்துவிட்டால், பேச்சை நிறுத்தாமல் இடது கையை மேசைக்கடியில் நீட்டுவான். இருப்பவன் ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டு வார்த்தை எழுதி அந்தக் கையில் வைப்பான். நீதிபதிக்குத் தெரியாது, எதிர்த்தரப்புக்கும் தெரியாது. கட்சிக்காரர்கள் எங்களை ஞாபகசக்தியில் புலிகள் என்று நம்பினார்கள்.

ஹமீது எழுதும் துண்டில் சில நாட்களில் சட்டமே இருக்காது. "கத்தாதே, சுருக்கா முடி, பசிக்குது" என்று இருக்கும். அதுவும் நல்ல ஆலோசனைதான்.

3. சபையில் ஒரு கைகுலுக்கல்

இடையில் எனக்கு அரசியல் ஆசை பிடித்தது. மாகாண சபைக்குப் போனேன். கன்னிப் பேச்சு நன்றாகத்தான் தொடங்கியது. பாதியில் திகனப் பக்கத்துத் தண்ணீர்த் திட்டத்தின் விபரம் மறந்து போனது. இடது கை தானாக நீண்டது. பக்கத்தில் இருந்த உறுப்பினர் எதையோ யோசித்து, என் கையைப் பிடித்து உற்சாகமாகக் குலுக்கினார்.

பார்வையாளர் பகுதியிலிருந்த ஹமீது வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். பிறகு சொன்னான்: "மச்சான், அங்க கை குலுக்க ஆள் ஈக்கிது. துண்டு தர ஆளில்ல. யோசிச்சி நட."

ஒரு தவணையோடு அரசியலை விட்டேன். மக்கள் என்னை விட்டார்கள் என்று ஹமீது திருத்துவான். மறுபடி அதே அறை, அதே மின்விசிறி. வாழ்க்கையில் நான் மிகவும் நிம்மதியாக இருந்த காலம் அதுதான்.

சில வருடங்களில் நீதிபதி நியமனம் வந்தது. கடிதத்தை முதலில் அவனிடம்தான் காட்டினேன். படித்துவிட்டுத் தன் பிளேன்டீயைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"இனி நாம ஒண்ணா டீ குடிக்க ஏலா. நாளைக்கு நான் கேஸ் ஜெயிச்சா, டீயில ஜெயிச்சான்னு செல்லுவாங்க."

"அதுக்காக வீட்டுக்கும் வர மாட்டியா?"

"நீ இறங்கின பொறகு வாறேன்."

நான் பதவியில் இருந்தவரை சொன்ன சொல்லைக் காப்பாற்றினான், பாவி.

4. கமலாவின் கிணறு

ஆறு வருடங்கள் நான் மேலே, அவன் கீழே. தெல்தெனியவிலிருந்து ஒரு பங்கு வழக்கு வந்தது. காணியைப் பிரித்தால் கமலா என்ற தையல்காரப் பெண்ணின் வீடு எதிர்த்தரப்புக்குப் போய்விடும். கணவன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். அவளுக்காக ஹமீது ஆஜரானான்.

அவள் பக்கத்துக்குப் பலம் ஒரே ஓர் ஆவணம், வி 4. அது நில அளவையாளரின் அறிக்கை. வீட்டையும் கிணற்றையும் கமலாவின் தகப்பன் உண்டாக்கியதாக அதில் பதிவாகியிருந்தது. அளக்கும்போது எதிர்த்தரப்பு அங்கேயே நின்றும் மறுக்கவில்லை.

ஹமீது சிங்களத்தில் அருமையாக வாதாடினான். "ஸ்வாமீனி", அதாவது பிரபுவே, என்று அவன் என்னை அழைக்கும் ஒவ்வொரு முறையும் நான் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்வேன். காணி உறுதிப் பத்திரம், பரம்பரை உரிமை எல்லாம் சொன்னான். வி 4 வரவில்லை. முடிக்கப் போகிறான் என்று தோன்றியது. அப்போது அவனுடைய இடது கை மேசைக்கடியில் நீண்டது, உள்ளங்கை மேலே பார்த்தபடி. பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்தது. பேச்சு ஒரு கணம் தடைப்பட்டது. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்த எனக்கு மட்டும்தான் அது கண்ணில் பட்டது.

குனிந்து பார்த்தேன். என் குறிப்புப் புத்தகத்தின் ஓரத்தில் நானே எழுதியிருந்தேன்: "வி 4. கிணறு." எழுதி, பாதி கிழித்தும் இருந்தேன்.

நீதிபதி கேள்வி கேட்கலாம். ஆனால் என் கை எழுதியது நீதிபதியின் கேள்வி இல்லை என்று எனக்குத் தெரியும். மனதால் நான் இன்னும் அவன் பக்கத்துக் கதிரையில்தான் உட்கார்ந்திருந்தேன். அப்படிப்பட்டவன் தீர்ப்பு எழுதக் கூடாது. வாதத்தை அந்த இடத்திலேயே நிறுத்தினேன். ஒரு தரப்புச் சட்டத்தரணியோடு எனக்குள்ள நட்பு காரணமாக விலகுகிறேன், வேறு நீதிபதி புதிதாகக் கேட்கட்டும் என்று பதிவு செய்தேன்.

கமலா எதுவும் விளங்காமல் ஹமீதின் முகத்தைப் பார்த்தாள். அவன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் நட்பு கொஞ்சமும் இல்லை. வணக்கம் போட்டுவிட்டுப் போனான்.

வழக்கு இன்னொரு வருடம் இழுபட்டது. கடைசியில் கமலாவுக்கே வீடு கிடைத்தது. அதைக்கூட நான் மற்றவர்கள் சொல்லித்தான் கேள்விப்பட்டேன்.

5. அலவத்துகொட

ஓய்வு பெற்றேன். "நீ இறங்கின பொறகு வாறேன்" என்றவன் வரவில்லை. ஒரு மாதம் வாசலைப் பார்த்தேன். கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. கடைசியில் கிழித்து வைத்திருந்த துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாத்தளை பஸ் ஏறினேன்.

கதவைத் திறந்தவன், "வாங்க ஸ்வாமீனி" என்றான். குத்தல்தான். ஆனாலும் கதிரையை இழுத்துப் போட்டான்.

துண்டை மேசையில் வைத்தேன். "அன்னைக்கு நீ கைய நீட்டுனப்ப எழுதுனதுய்யா. குடுக்க முடியல. அதான் விலகினேன். ஒன்ன நம்பாம இல்ல."

கண்ணாடியைப் போட்டுப் படித்தான். துண்டைத் திருப்பியும் பார்த்தான்.

"வி நாலை நான் மறக்கல்ல மச்சான். கடைசி அடியா வச்சிருந்தேன். நீ அதச் செல்ல விடாம எழும்பிப் போயிட்டாய்."

"அப்ப கைய எதுக்கு நீட்டுன?"

"அது பழக்கத்துல போன கை. நீட்டின பொறகுதான் வெளங்கிச்சி, பக்கத்துல நீ இல்லன்னு. அதான் பேச்சு நிண்டிச்சி."

இப்போது இளம் சட்டத்தரணிகள் என்னிடம் அனுபவப் பாடம் கேட்கிறார்கள். நான் விலகியது சரி, இன்றும் விலகுவேன். ஆனால் மறந்தது அவன் என்று நினைத்தேன் பாருங்கள், அது பிழை. மேலே போய் உட்கார்ந்தால் கீழே இருப்பவனின் கை எதற்கு நீள்கிறது என்று சரியாகத் தெரியாது. தெரிந்துகொள்ள இறங்கி வர வேண்டும்.

அன்று உள்ளிருந்து இரண்டு பிளேன்டீ வந்தது. ஹமீது என் பக்கத்துக் கதிரைக்கு மாறி உட்கார்ந்தான். துண்டின் மறுபக்கத்தில் ஏதோ எழுதி மேசைக்கடியில் நீட்டினான். வாங்கிப் பார்த்தேன்.

"ஆறுது. குடி."