புல்லியில் இருந்த சிவப்புப் புள்ளி

அப்பா என்னிடம் ஒரு சந்தேகம்கூடக் கேட்டதில்லை.

சென்னையில் ஒரு கார் தொழிற்சாலையில் பதினொரு வருடமாக என் வேலையே எஞ்சின் கம்ப்யூட்டருக்கு எண்கள் எழுதுவதுதான். கடைசி ஐந்து வருடங்கள் அப்பாவும் அதையேதான் செய்தார், எங்கள் ஊரான எருத்தேன்பதியில், தகரக் கூரை போட்ட பட்டறையில். சந்தேகம் வந்தால் ஃபிரோஸிடம் கேட்டார்.

ஃபிரோஸுக்குக் கொழிஞ்சாம்பாறையில் பெயிண்ட் கடை. வயது நாற்பது. மலைச் சேற்றில் ஜிப்சி ஜீப் ஓட்டும் பந்தயங்களென்றால் பித்து. வெளியில் வாங்கிப் பொருத்தும் எஞ்சின் கம்ப்யூட்டர் ஒன்றைக் கோயம்புத்தூரிலிருந்து கொண்டுவந்து, கூடவே தன் பழைய லேப்டாப்பையும் அப்பாவிடம் கொடுத்தவர் அவர்தான். அப்பாவுக்கு அப்போது ஐம்பத்தேழு.

அப்பா, மோகனசுந்தரம், எட்டாவதுவரை படித்தவர். கிணற்று மோட்டாரில் தொடங்கி ஜீப்புக்கு வந்தார். எஞ்சின் ஓடும்போதே, தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்து மயிரிழை திருப்பி, சத்தத்தைக் கேட்டு, தலையை ஆட்டிவிட்டு இறுக்குவார். அதுதான் அவருக்கு டைமிங். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்னால் தீப்பொறி பாய வேண்டும். பிந்தினால் வண்டி இழுக்காது. முந்தினால் எஞ்சினுக்குள் தட்டும், நாளடைவில் பிஸ்டன் ஓட்டையாகும்.

கல்லூரி மூன்றாம் வருட விடுமுறையில், புதிதாக வாங்கிய டைமிங் லைட்டோடு ஊருக்கு வந்தேன்; தீப்பொறி எந்த டிகிரியில் பாய்கிறது என்று காட்டும் விளக்கு அது. அவர் காதால் வைத்த ஒரு ஜீப்பில் லைட்டை அடித்துப் பார்த்தேன். மூன்று டிகிரி தள்ளியிருந்தது. வண்டிக்காரர் குப்பண்ணன் எதிரிலேயே சொன்னேன்.

"அப்பா, மூணு டிகிரி தப்பு. இதெல்லாம் குத்துமதிப்பு."

"அப்படியா அம்மணி?" என்று சிரித்தார். நான் சொன்னபடி திருப்பி இறுக்கினார்.

அதற்குப் பிறகு தொலைபேசியில் மழையைக் கேட்டார், சாப்பாட்டைக் கேட்டார். பின்னால் ஃபிரோஸின் குரல் கேட்கும். "மோகனண்ணே, மூவாயிரம் சுத்துல இன்னும் ரெண்டு டிகிரி குடுத்துப் பாக்கலாங்களா?" அப்பா உடனே, "செரி அம்மணி, வெக்கட்டுமா?" என்பார். என்னை வைத்துவிட்டு அந்த இரண்டு டிகிரிக்குப் போவார்.

ஆவணியில் அப்பாவுக்கு மாரடைப்பு. பட்டறையிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனது ஃபிரோஸ். நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப்பேர் முதலில் பிடித்தது ஃபிரோஸின் கையை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

காரியம் முடிந்த மூன்றாம் நாள் ஃபிரோஸ் வீட்டுக்கு வந்தார்.

"தங்கச்சி, ஜிப்சி எஞ்சின அண்ணன் முழுசாப் பிரிச்சு மாட்டிட்டாரு. லைட் அடிச்சு ஒருக்காப் பாத்து, ரோட்டுல ஓட்டி நம்பர் மாத்தறது மட்டுந்தான் பாக்கி. ஞாயித்துக்கெழம காந்தலூர்ல பந்தயம். கோயமுத்தூருல ஒரு ஆளு இருக்காரு, அவருகிட்டக் கொண்டுட்டுப் போகட்டுங்களா?"

"எதுக்கு? நான் வெக்கறேன்."

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "உனக்கு முடியுமா கண்ணு? இது அவங்க ரெண்டு பேரும் பண்ணுன வண்டி."

அந்த வாக்கியம் போதுமானதாக இருந்தது. மறுநாள் காலையிலேயே பட்டறையைத் திறந்தேன். ஐந்து வருடமும் அவர் கேட்டிருக்க வேண்டிய ஆள் நான்தான் என்பதை அந்த வண்டியில் காட்டிவிட வேண்டும்.

வேலை சின்னதுதான். தீப்பொறியைப் பத்து டிகிரியில் நிறுத்தி வைக்கும்படி கம்ப்யூட்டரிடம் சொல்ல வேண்டும். பிறகு எஞ்சின் முன்னால் சுழலும் புல்லியில் லைட்டை அடிக்க வேண்டும். புல்லியின் கோடு, எஞ்சினில் பொறித்திருக்கும் அளவில், பத்தில் நின்றால் சரி. கம்ப்யூட்டர் சொல்வதும் எஞ்சின் செய்வதும் ஒன்று என்று அர்த்தம்.

புல்லி முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தேன். ஓரத்தில் ஏதோ சிவப்பாகத் தீற்றியிருந்தது. அதையும் தேய்த்து எடுத்தேன். புல்லியில் தொழிற்சாலையே போட்டு அனுப்பிய கோட்டில் சாக்பீஸ் பூசி லைட்டை அடித்தேன்.

கோடு நான்கில் நின்றது.

ஆறு டிகிரி. அப்பா ஆறு டிகிரி தப்பாக வைத்திருக்கிறார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்பா போய் இருபது நாள்கூட ஆகவில்லை.

டீ வாங்கிக்கொண்டு வந்த ஃபிரோஸிடம் சொன்னேன். "ஆறு டிகிரி தப்பு. நீங்க ரெண்டு பேரும் இதப் பாக்கவே இல்லையா?"

"அண்ணன் வெச்சா தப்பு வராதுங்களே."

"லைட் பொய் சொல்லாதுங்க."

அவர் டீ கிளாஸை என் பக்கம் நகர்த்தினார். நான் கம்ப்யூட்டரில் ஆறு டிகிரியைக் கூட்டினேன். கோடு பத்துக்கு வந்தது.

கொழிஞ்சாம்பாறை ரோட்டில் எடுத்தோம். ஃபிரோஸ் ஓட்டினார், நான் மடியில் லேப்டாப்போடு. நான்காவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே முழு மிதி மிதிக்கச் சொன்னேன். எஞ்சினுக்கு அதைவிடப் பெரிய பாரம் சமவெளியில் கிடைக்காது.

மிதித்த வேகத்திலேயே காலை எடுத்துவிட்டார்.

"தட்டுதுங்க."

"எனக்குக் கேக்கல. இன்னொருக்கா."

இரண்டாம் முறை எனக்கும் கேட்டது. தகர டப்பாவில் கூழாங்கல் குலுங்குவதைப் போல. தீப்பொறி மிகவும் முந்திப் பாய்கிறது. அவருக்கு முதலிலேயே கேட்டிருக்கிறது.

ஓரமாக நிறுத்தினார். ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"புல்லில செவப்பா ஒரு புள்ளி இருந்துச்சே, அதப் பாத்துத்தானுங்க வெச்சீங்க?"

நான் லேப்டாப்பை மூடினேன்.

"புல்லிக்குள்ள இருக்கற ரப்பர் நைஞ்சுபோயி வெளி வளையம் நழுவிருச்சுங்க. கம்பெனிக் கோடு இப்ப வெறும் பொய். அண்ணன் பிஸ்டனோட உச்சியப் புதுசாக் கண்டுபிடிச்சு, அங்க ஒரு புள்ளி வெச்சாரு. 'பெயிண்ட் கடைக்காரன்னு பேரு, ஒரு சொட்டுப் பெயிண்ட்டு கொண்டாரல'ன்னு வைதாரு. வண்டில நம்ம நஸ்ரினோட நெயில் பாலிஷ் கெடந்துச்சு. அதுல வெச்சதுதானுங்க."

நஸ்ரின் அவர் மகள்.

சரிபார்க்காத கோட்டை நம்பாதே. புதிதாகச் சேரும் பொறியாளர்களுக்கு முதல் நாள் நான் சொல்லும் பாடம் இது. இங்கே நான் சரிபார்க்கவில்லை. அப்பா செய்தது தப்பாக இருக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. கோடு அப்படிச் சொன்னது. நம்பிவிட்டேன்.

"துடைச்சுட்டேன்," என்றேன்.

பட்டறைக்குத் திரும்பினோம். அப்பாவின் தகரப் பெட்டியில், பழைய ஸ்பார்க் பிளக்கைக் குடைந்து போல்ட் இறக்கிய தடுப்பு ஒன்று இருந்தது. பிளக் ஓட்டையில் அதை முறுக்கினோம். ஃபிரோஸ் ஸ்பேனரால் எஞ்சினை ஒரு பக்கம் மெல்லத் திருப்பினார். பிஸ்டன் தடுப்பில் முட்டியது. நான் புல்லியில் ஒரு கீறல் போட்டேன். மறுபக்கம் திருப்பினார், முட்டியது, இன்னொரு கீறல். இரண்டுக்கும் நடுதான் உச்சி. அளந்தேன்.

நடுவில், இரும்பின் நுண்துளைகளுக்குள், துணிக்கு எட்டாத இளஞ்சிவப்பு கொஞ்சம் மிச்சமிருந்தது.

குனிந்தபடியே கேட்டேன். "எங்கிட்ட ஏனுங்க அவரு ஒண்ணுமே கேக்கல?"

ஃபிரோஸ் ஸ்பேனரைத் துடைத்தார். "நானும் சொல்லிப் பாத்தனுங்க, தங்கச்சிகிட்ட ஒரு போன் போட்டாத் தீந்துச்சுன்னு. 'வேண்டாம்டா, அவ கையில குடுத்தா, செரியா இருக்கறதுலயும் ஒரு தப்பக் கண்டுபிடிச்சுப் போடுவா'ம்பாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவாருங்க."

எப்படிச் சிரித்திருப்பார் என்று எனக்குத் தெரியும். குப்பண்ணன் எதிரில் பார்த்த சிரிப்பு.

"நஸ்ரின்கிட்ட அந்தப் பாலிஷ வாங்கிட்டு வரட்டுங்களா?"

"வேண்டாம்."

உளியை எடுத்து அந்த இளஞ்சிவப்பின் மேலேயே மெல்லிய வெட்டு ஒன்று போட்டேன். கம்ப்யூட்டரில் நான் கூட்டிய ஆறைக் கழித்தேன். லைட்டை அடித்தேன். பத்து. அப்பாவின் எண். அதில் நான் மாற்ற ஒன்றுமில்லை.

சாயங்காலம் அதே ரோட்டில் அதே முழு மிதி. தட்டவில்லை. ரோட்டில் மாற்றவேண்டிய எண்களை மூன்று நடையில் முடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஃபிரோஸ் வீட்டு வாசலில் ஹாரன் அடித்தார். "அண்ணன் எப்பவும் இடது பக்க சீட்டுலதானுங்க வருவாரு," என்று கதவைத் திறந்துவிட்டார். அப்பா அங்கே உட்கார்ந்து எத்தனை மலை ஏறினார் என்று கேட்க நினைத்தேன். ஃபிரோஸுக்குச் சரியான கணக்குத் தெரிந்திருக்கும். அதனால் கேட்கவில்லை.

உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர். காந்தலூர்வரை அவர் பந்தயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். நான் எஞ்சினைத்தான் கேட்டுக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மூச்சைப் பிடித்துக் கேட்டேன். தட்டினால் அவர் காலை எடுப்பதற்குள் எனக்குக் கேட்டுவிட வேண்டும்.

ஒரு முறைகூடத் தட்டவில்லை.