என் கணவருக்கு அக்கா போட்ட இலை

தேவகி அக்கா போய்விட்டார் என்பதை எனக்குச் சொன்னவர், சைக்கிளில் ரொட்டி விற்கும் காதர் பாய். பள்ளிக்கூட வாசலில் மணியடிக்காமல் நின்றார். "டீச்சரம்மா, கம்போங் செட்டி அக்கா காலையில தவறிட்டாங்க. சீக்கிரம் போங்க" என்றார். இந்த ஊரில் எது நடந்தாலும் எனக்கு முதலில் வந்து சொல்கிறவர் அக்காதான். இதை மட்டும் இன்னொருவர் வாயால் கேட்கும்படி வைத்துவிட்டாரே என்று, போன மனுஷிமேல் எனக்குக் கோபம் வந்தது.

அவரை அறிந்த உங்களுக்கு அவர் நடை நினைவிருக்கும். சாரோங்கை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு சந்தைக்குப் போய்த் திரும்புவதற்குள் ஊரையே கூடையில் அள்ளி வந்துவிடுவார். பாலத்தடியில் கரி ஏற்றிவந்த சுமத்ராப் படகு சேற்றில் சிக்கியது, பெண்டஹாரா தெருத் துணிக்கடையில் பூனை புதுப்பட்டின்மேல் குட்டி போட்டது, ஆற்றில் தண்ணீர் ஏறி யார் வீட்டுக் கோழிக்கூண்டோ மிதந்துபோனது, எல்லாம் என் சமையலறைக்கு வந்து சேரும். பல தலைமுறைகளுக்கு முன் இங்கே வந்து, கம்போங் செட்டி என்ற குடியிருப்பில் வாழும் செட்டிமார்கள் எல்லோரையும் போல அவர் பேசியது மலாய். தமிழ்ச் சொற்கள் கறிவேப்பிலையாய் ஊடே விழும். நான் தஞ்சாவூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். என் மலாயைக் கேட்டு அவர் சிரிப்பார், அவர் தமிழைக் கேட்டு நான் சிரிப்பேன். இங்கே அவர் பேச்சை என் தமிழில்தான் எழுதுகிறேன்.

இந்த நாடு விடுதலையாவதற்கு முந்தின ஆண்டு என் கணவர் காய்ச்சலில் போனார். ஆற்றங்கரை ரப்பர்க் கிடங்கில் எழுத்தராக இருந்தவர். எங்களுக்குக் குழந்தை இல்லை. "கொடி மாறப்போகிற நாட்டில் தனியாக என்ன செய்வாய்? தை பிறந்ததும் கப்பலேறி வந்துவிடு" என்று அண்ணன் எழுதினார். நானும் பெட்டி கட்டிவிட்டேன். பாத்திரங்களைக்கூட அக்கம்பக்கத்தில் கொடுத்தாயிற்று. போகாதே என்று அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது எனக்கு வருத்தமாகவே இருந்தது.

பொங்கலுக்கு முந்தின நாள் செட்டி வீடுகளில் பார்ச்சு. இறந்தவர்களுக்கு அவரவர் விரும்பியதைச் சமைத்து வாழையிலையில் படைத்து, அவர்கள் வந்து உண்ணட்டும் என்று வீட்டார் சற்று நேரம் விலகி நிற்பார்கள். அன்று காலை அக்கா வந்து, "உன் புருஷனுக்கும் ஒரு இலை போடறேன். அவருக்கு என்ன பிடிக்கும்?" என்றார். சொந்தமில்லாதவருக்கு இலையா என்று அவர் வீட்டிலேயே முணுமுணுத்தார்களாம்.

"அவர் சுத்த சைவம் அக்கா. வெண்பொங்கல், அவரைக்காய், தயிர்."

"போஹோங்!" என்றார். பொய் என்று அர்த்தம். "சாயங்காலமானா ஆத்தோரத்துச் சீனர் கடை பெஞ்சில உக்காந்து, சிப்பி போட்டு வறுத்த கொய்த்தியாவ் சேவையை வேர்த்துக் கொட்டக் கொட்டச் சாப்பிடுவாரு. ஊருக்கே தெரியும்."

என் கணவர்! வேலை முடிய நேரமாகிவிட்டது என்று வந்து, பசியில்லை என்று மோரை மட்டும் குடித்துவிட்டுப் படுக்கும் மனிதர்!

"ஏன் அக்கா இத்தனை நாள் சொல்லலை?"

"சொன்னா நீ நிறுத்திடுவே. பாவம், எவ்வளவு ருசிச்சுச் சாப்பிடுவாரு தெரியுமா?"

பூனை குட்டி போட்டதைக்கூட விடாமல் சொன்னவர் இதை மட்டும் விழுங்கியிருக்கிறார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. கணவர் போனபின் அன்றுதான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதுவிட்டேன்.

அக்கா வீட்டு முன்னோர்களின் வரிசையில் கடைசியாக என் கணவரின் இலை. அதில் கொய்த்தியாவ் ஆவி பறக்கக் கிடந்தது. விலகி நின்றபோது அக்கா மெல்லக் கேட்டார்: "அங்கே உங்க ஊர்ல அவருக்கு என்ன படைப்பாங்க?"

பிண்டமும் எள்ளும் என்றேன்.

"அப்போ பசியோடதான் திரும்புவாரு" என்றார். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தேன். அந்த ஆகஸ்டில் புதுக்கொடி ஏறியபோது கூட்டத்தில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு குடியுரிமையும் வாங்கினேன்.

இப்போதும் மாலையில் கதவைத் தாழிடாமல் வைத்திருக்கிறேன். பாலத்தில் கூட்டம் கூடினால் என்னவென்று சொல்ல ஆயிரம் பேர் உண்டு, ஆனால் அவர்கள் சொல்வதைக் கேட்க எனக்கு மனமில்லை. அக்கா, உங்களைப் பார்க்கவேண்டும்போல் இருக்கிறது.

அவர் பிள்ளைகள் அவருக்குக் குறையில்லாமல் படைப்பார்கள். ஆனாலும் இந்தப் பார்ச்சுக்கு என் வீட்டிலும், என் கணவரின் இலைக்குப் பக்கத்தில், அக்காவுக்கு ஒரு இலை உண்டு. அதில் என்ன வைப்பேன் என்பதை இங்கே எழுதமாட்டேன். அவர் வீட்டாருக்கு அது தெரியாது.

துக்கம் கேட்டு எழுதிய அண்ணன், "இனியாவது வந்துவிடு. அங்கே உனக்கு யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விக்கு ஒரு பதிலைத்தான் அக்கா எனக்கு விட்டுப்போயிருக்கிறார். நேற்று எழுதிப் போட்டேன்: "இந்த வருஷம் நான் இரண்டு இலை போடவேண்டும், அண்ணா. வருவதற்கில்லை."