ஒரே ஒரு பேட்டரி பம்ப்

இன்று காலை உப்புத் தண்ணீர் பாட்டிலின் மேல் டார்ச் அடித்தேன்.

முட்டைகள் பொரிந்து, பொடிப் பொடி இறால் குஞ்சுகள் ஆரஞ்சுப் புகை மாதிரி வெளிச்சத்தை நோக்கி வந்தன. இவ்வளவு நன்றாக ஒரு தடவைகூடப் பொரிந்ததில்லை.

அவற்றைத் தின்ன வேண்டிய ஏஞ்சல் மீன் குஞ்சுகள் பக்கத்துத் தொட்டியின் அடியில் செத்துக் கிடந்தன.

நேற்று சாயங்காலப் புயல் மழையில் எங்கள் டாக்குரியா பகுதியில் கரண்ட் போனது. விடியும்வரை வரவில்லை. வீட்டில் பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்றுதான் இருக்கிறது.

"தொட்டிக்குப் போடவா, பாட்டிலுக்குப் போடவா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"இறால் முட்டை பொரியலைன்னா நாளைக்கு மீன் குஞ்சுங்க பட்டினி கிடக்கும். பாட்டிலுக்கே போடுங்க. ஒரு ராத்திரிதானே, அதுங்க தாங்கும்" என்றேன்.

கீழ்வீட்டு வங்காளி அண்ணி, நான் பௌதி என்று கூப்பிடுகிறவர், வழக்கம்போலக் குஞ்சுகளைப் பார்க்க வந்தார். தொட்டியைக் குனிந்து பார்த்தார். பாட்டிலை இன்றுதான் கவனித்தார்.

"எடா கீ?" இது என்ன என்று கேட்டார்.

"ஓதேர் காபார்" என்றேன். அதுங்களோட சாப்பாடு. பௌதி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பாட்டிலில் அவை இன்னும் துள்ளிக்கொண்டிருக்கின்றன. சாக்கடையில் ஊற்ற மனசு வரவில்லை.

ஜாதவ்பூர், லேக் மார்க்கெட் பக்கம் யாராவது மீன் குஞ்சு வைத்திருந்தால் சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறேன். இங்கே இலை போட்டுப் பரிமாறியாயிற்று. பந்தியில் உட்காரத்தான் ஆள் இல்லை.